ஒருதரம் அடித்து வெட்டினால்

வலை இழுத்து முடித்து வள்ளத்தைக் கரைப்பக்கம் திருப்பியதும் கிளின்ரன் வீட்டுப் போனுக்கு ஒருதரம் அடித்து வெட்டிவிடுவான். யாரும் அதை எடுக்கக்கூடாது, எடுத்தால் காசு. "வந்துகொண்டிருக்கிறேன், உலையை வை" என்பதுதான் அந்த ஒற்றை மணிக்கு அர்த்தம். வீட்டில் யன்னல் கட்டையில் மட்டுந்தான் சிக்னல் கிடைக்கும் என்பதால் போன் எந்நேரமும் அங்கேயே கிடக்கும். அது ஒருதரம் கத்தி ஓய்ந்தால் தாய் செபஸ்தியம்மா எழுந்து குசினிக்குப் போவாள். அவள் சோறு வடிப்பதற்கும் அவன் எஞ்சினைத் தோளில் சுமந்துகொண்டு படலையைத் திறப்பதற்கும் சரியாக இருக்கும்.

ஊர்காவற்றுறைக் கரையில் இருந்த அந்தச் சிறு கிராமத்தை விட்டு அவர்கள் தொண்ணூறில் ஓடியபோது நான்கு பேர். தொண்ணூற்றாறின் கடைசியில் திரும்பி வந்தபோது மூன்று பேர். தகப்பன் இடம்பெயர்ந்த ஊரில் காய்ச்சலில் செத்துப்போனார். அந்த ஊர்ச் சவக்காலையும் பிறகு ஷெல்லில் உழுதுபோனது. மூத்தவள் ஜெனீற்றா ஏ.எல். முடித்து, யாழ்ப்பாணத்தில் கணினி வகுப்புக்குப் போய், ஊர்க் கடற்றொழிலாளர் சங்கத்தில் எழுதுவினைஞராகச் சேர்ந்தாள். இளையவன் கிளின்ரன் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டுத் தாய்மாமனின் வள்ளத்தில் ஏறினான். அந்தத் தாய்மாமன் பிரான்சுக்குப் போனபோது வள்ளம் இவனுடையதாயிற்று.

சமாதான காலம் வந்து, பட்டினத்தில் போன் கோபுரங்கள் எழும்பி, கரையில் நிற்பவர்களின் மடியிலும் போன்கள் கத்தத் தொடங்கிய நாட்களில் ஒரு தொண்டு நிறுவனம் சங்கத்துக்கு ஒரு பெட்டி கொடுத்தது. காற்று எழும்பப் போகிறது என்று பட்டினத்து வானிலைக் கந்தோர் அறிந்தால் அந்தப் பெட்டிக்கு அடிக்கும். உடனே சங்கக் கட்டடத்தின் கூரையில் பூட்டிய சைரன் ஊதும், கடலில் நிற்கும் வள்ளங்கள் கேட்டுத் திரும்பும். பெட்டிக்குள் இருந்தது ஒரு மோடம். தீப்பெட்டியிலும் சற்றுப் பெரிய தகரக்கூடு, அதற்குள் ஒரு சிம். திரையும் இல்லாத, பொத்தானும் இல்லாத போன் அது. அதைப் பேசவைக்கும் பயிற்சிக்குச் சங்கம் ஜெனீற்றாவைத்தான் அனுப்பியது.

கணினியிலிருந்து வயரைச் செருகி ஏ.ரி. என்று இரண்டு எழுத்தைத் தட்டினால் ஓ.கே. என்று ஒரு வரி திரும்பி வரும். உயிர் இருக்கிறது என்று அர்த்தம். அதன்பிறகு எதைக் கேட்டாலும் ஏ.ரி. என்று தொடங்கியே கேட்கவேண்டும். சிக்னல் எப்படி என்று கேட்டால் ஓர் எண்ணைச் சொல்லும். முப்பத்தொன்று என்றால் கோபுரத்தின் காலடியில் இருப்பதுபோல. தொண்ணூற்றொன்பது என்றால் அதற்கு ஒன்றுமே கேட்கவில்லை. பெட்டியைப் பூட்டிய அன்று அது ஏழு என்றது. ஏழில் மணி வரும், ஆனால் மழைக்காலத்தில் நிற்காது. அன்ரெனாவோடு கிளின்ரனைக் கூரையில் ஏற்றிவிட்டு ஜெனீற்றா கணினிக்கு முன்னால் இருந்து கத்தினாள்.

"ஒன்பது!"

"இப்ப?"

"ஆறு! குரங்கே, கிழக்குப் பக்கம் திருப்படா. பட்டினம் அங்காலயெல்லோ கிடக்கு!"

"குரங்கெண்டபடியாத்தானே கூரையில நிக்கிறன்."

"பதினேழு! அசையாத!"

"எறும்பு கடிக்குது அக்கா."

"கடிக்கட்டும். அசைஞ்சியெண்டா வந்து நானும் கடிப்பன்."

பதினேழில் அன்ரெனாவைக் கட்டினார்கள். சிம்மின் பூட்டு எண்ணை அவள் நீக்கினாள். கரண்ட் போய் வரும்போதெல்லாம் எண்ணைக் கேட்டுக்கொண்டு பெட்டி ஊமையாக நிற்கக்கூடாது. பிறகு சிம்மின் நினைவில் பத்து இலக்கங்களைப் பதிந்தாள். அந்தப் பத்தில் ஒன்று அடித்தால்தான் சைரன் ஊதும். வேறு யார் அடித்தாலும் பெட்டி வெட்டிவிடும், முன்பக்கத்துச் சிவப்பு பல்ப் மட்டும் நாலைந்து தரம் மின்னி அணையும். ஞாயிறு மத்தியானங்களில் பத்துப்பேருக்கும் பெட்டி தானாகவே ஒரு சோதனைச் செய்தி அனுப்பும். போய்ச் சேர்ந்தது என்ற பதில் ஒவ்வொன்றாகக் கணினியில் வந்து விழும்.

முதலாம் இடத்தில் அவள் தம்பியின் இலக்கத்தைப் போட்டாள். கூரையில் நின்று எறும்புக்கடி வாங்கியவன் அவன்தானே என்று நினைத்தாள். சங்கத் தலைவர் சில்வெஸ்ரருக்கு இரண்டாம் இடம். அது அவருக்குத் தெரியவந்தபோது வெற்றிலையை மற்றக் கன்னத்துக்கு மாற்றிக்கொண்டார்.

கிளின்ரன் செய்த பிழை சின்னப் பிழை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் கரையில் சினேகிதர்களோடு இருந்தவன், "என்ர அக்கா செய்தது, பாருங்கோடா" என்று சொல்லிப் பெட்டிக்கு அடித்தான். கூரையில் சைரன் அலறியது. அந்த ஊருக்குச் சைரன் என்றால் காற்று அல்ல, குண்டு. பிள்ளைகளை இடுப்பில் வாரிக்கொண்டு பெண்கள் ஓடினார்கள். கிணற்றடியில் சவர்க்காரம் பூசி நின்ற சில்வெஸ்ரர் கட்டின துவாயோடு ஓடி, பின்வளவில் தூர்க்காமல் கிடந்த பழைய பங்கருக்குள் குதித்தார். அதற்குள் மாரித் தண்ணீர் நெஞ்சளவு நின்றது. நான்கு பேர் பிடித்துத் தூக்கியபோது துவாய் உள்ளே தங்கிவிட்டது.

ஊர் ஒரு கிழமை சிரித்தது. அடுத்த கிழமை சில்வெஸ்ரர் கூட்டம் கூட்டினார்.

"இது விளையாட்டுச் சாமானோ? ஊர் உயிர் இதில கிடக்கு," என்று தொடங்கினார். "பிள்ளை ஜெனீற்றா, அந்த முதலாம் இடத்தை அழியும்."

"ஐயா, அவனும் கடலுக்குப் போறவன். ஒரு தரம் மன்னியுங்கோ."

"சங்கத்தின்ர பெட்டியோ, உங்கட வீட்டு அலுமாரியோ? அழியும். எல்லாருக்கும் முன்னால அழியும்."

ஐம்பது பேர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஜெனீற்றா ஒரு வரி தட்டினாள்.

"என்ன சொல்லுது?"

"ஓ.கே. எண்டு சொல்லுது."

"பாத்தியளோ, மிசினுக்கே நியாயம் விளங்குது."

சிரிப்பு எழுந்தது. சில்வெஸ்ரர் அதோடு விடவில்லை. "எங்க தம்பி, இப்ப அடியும் பாப்பம்," என்றார். கிளின்ரன் போனை எடுத்து அடித்தான். கூரை சத்தமில்லாமல் இருந்தது. சிவப்பு பல்ப் மின்னி மின்னி அணைந்தது.

"கண்ணடிக்குதடா!" என்றான் காவலாளி பிலிப்பு. "உனக்கு இனி உதுதான். சத்தமில்லாம கண்ணடிக்கிறவளோட குடும்பம் நடத்து."

எல்லோரையும்விடக் கூடுதலாகச் சிரித்தவன் கிளின்ரன்தான். அவன் காது மடல்கள் சிவந்திருந்ததை ஜெனீற்றா கண்டாள்.

வீட்டில், "ஒரு மாதம் போகட்டும், சத்தமில்லாமப் போட்டுவிடுறன்," என்றாள்.

"விடு அக்கா. பல்ப் மின்னுந்தானே. ஆபத்தெண்டு அடிச்சா, அதைப் பாத்து ஆரும் வராமலே விடுவினம்?"

ஒரு மாதம் மூன்றாகியது. முதலாம் இடம் வெறுமையாகவே கிடந்தது. சில்வெஸ்ரர் காலையில் பத்திரிகை பார்க்க வரும்போதெல்லாம் "எங்க, எடுத்துக் காட்டும்" என்று இலக்கங்களைத் திரையில் வரவழைத்துப் பார்த்துவிட்டே போவார். நாளைக்குப் போடலாம், அவர் பட்டினம் போகிற நாளில் போடலாம் என்று அவளும் நாளைக் கடத்தினாள். ஒரேயொரு வரி தட்டுகிற வேலை அது.

இரண்டாயிரத்து நான்காம் ஆண்டு கார்த்திகை இரண்டு, கல்லறைத் திருநாள். அன்று அந்தக் கரையில் யாரும் கடலுக்கு இறங்குவதில்லை. பின்னேரம் ஊர் முழுவதும் சவக்காலையில் நிற்கும். கல்லறைகளைக் கழுவி, பூமாலை போட்டு, மெழுகுதிரி கொளுத்தி, குருவானவர் ஒவ்வொரு குழியாக மந்திரித்துக்கொண்டு வரும்வரை காத்திருக்கும். போன வருடம் மந்திரிப்பின் நடுவில் யாருடையதோ போன் சினிமாப் பாட்டுப் பாடிவிட்டதால், இந்த முறை போன்களை வீட்டில் வைத்துவிட்டு வரவேண்டும் என்று பூசையில் சொல்லியிருந்தார்கள்.

கிளின்ரனின் வலை முதல் நாளிலிருந்து தண்ணீரில் கிடந்தது. வாடைக்காற்று மூன்று நாட்களாக முணுமுணுத்துக்கொண்டு இருந்தது.

"ஒரு எட்டுப் போய் வலையைத் தூக்கிக்கொண்டு ஓடியாறன்," என்றான்.

"இண்டைக்கோ? ஆத்துமாக்களின்ர நாளடா," என்றாள் செபஸ்தியம்மா.

"எங்கட அப்பருக்கு இஞ்ச கல்லறையே இல்லை. நான் ஆற்ற குழியில போய் மெழுகுதிரி கொளுத்த? உலையை வையணை, வந்திடுவன்."

"நீ அடி. வைக்கிறன்."

சவக்காலையில் அன்று மெழுகுதிரிகள் நிற்கவில்லை. கொளுத்தக் கொளுத்தக் காற்று அணைத்தது. சிரட்டைகளைக் கவிழ்த்து மறைத்தார்கள், சேலைத் தலைப்பைப் பிடித்தார்கள். "கோதாரியில போற காத்து" என்று வைதார்கள். தகப்பனுக்காகப் பெரிய குருசடியில் ஒரு மெழுகுதிரி வைத்திருந்த ஜெனீற்றாவும் வைதாள். அந்தக் காற்றுத்தான் கடலில் கிளின்ரனின் எஞ்சினுக்குள் தண்ணீர் ஏற்றி நிறுத்தி, வள்ளத்தைத் தென்மேற்கே தள்ளிக்கொண்டு போனது என்பதை யோசிக்க யாருக்கும் அவகாசம் இருக்கவில்லை. திரி அணைகிறதே என்பதுதான் எல்லோருக்கும் கவலை.

செபஸ்தியம்மா முதலில் வீட்டுக்கு வந்தாள். யன்னல் கட்டையில் போனின் திரை வெளிச்சமாக இருந்தது. அவளுக்கு இங்கிலீசு வாசிக்கத் தெரியாது. மகனின் பெயர் திரையில் எந்த வடிவத்தில் நிற்கும் என்பது மட்டும் தெரியும். அது நின்றது. அடித்திருக்கிறான், வருகிறான் என்று அவள் குசினிக்குப் போய் உலை வைத்தாள். மீனுக்குப் புளி கரைத்தாள்.

சவக்காலை வாசலில் கதைத்து நின்றுவிட்டு ஜெனீற்றா மைம்மல் பொழுதில் வந்தபோது வீட்டில் சோறு கொதிக்கும் வாசம்.

"தம்பி வாறான். அடிச்சவன்," என்றாள் தாய்.

ஜெனீற்றா போனை எடுத்துப் பார்த்தாள். தவறிய அழைப்புகள் பதினொன்று என்று இருந்தது. வருகிறவன் ஒருதரம் அடிப்பான். பதினொரு தரம் அடிக்கமாட்டான். அவள் திரும்ப அடித்தாள். அந்த இலக்கத்தைத் தற்போது அடையமுடியாது என்று ஒரு பெண்குரல் மூன்று மொழியிலும் சொன்னது.

செருப்பில்லாமல் சங்கத்துக்கு ஓடினாள். பிலிப்பு வாங்கிலில் இருந்து தனியே சீட்டு அடுக்கிக்கொண்டிருந்தான்.

"பிலிப்பு அண்ணை, பெட்டிக்கு ஆரும் அடிச்சவையே?"

"ஆரோ விசரன் பின்னேரம் முழுக்க அடிச்சான். பல்ப் நிண்ட நிலையில இல்லை. மின்னி மின்னிக் கடைசியா இப்பத்தான் ஒரு நாழியா ஓய்ஞ்சு கிடக்கு." சீட்டிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னான். "கண்ணடிக்கட்டும் எண்டு விட்டிட்டன். உன்ர தம்பியாத்தான் இருக்கும். என்னை எழுப்பி விளையாடப் பாக்கிறான்."

அவள் முகத்தைப் பார்த்த பிறகுதான் அவன் கையிலிருந்த சீட்டுகள் விழுந்தன.

அன்று அந்தக் காற்றில் அவனைத் தேடி ஐந்து வள்ளங்கள் இறங்கின. அதைச் சொல்லாமல் விடக்கூடாது. அவனைப் பார்த்துச் சிரித்தவர்கள்தான் இறங்கினார்கள். மறுநாள் வள்ளத்தை நெடுந்தீவுப் பக்கமாகக் கவிழ்ந்த நிலையில் கண்டெடுத்தார்கள். வலையும் கிடைத்தது. அவன் கிடைக்கவில்லை.

உடல் இல்லாத செத்த வீட்டில் முப்பத்தோராம் நாள் சில்வெஸ்ரர் பேசினார். திருநாளில் கடலுக்கு இறங்குவது கடவுளுக்கும் சங்கத்துக்கும் அடாத காரியம் என்றார். பிள்ளைகள் இதைப் பாடமாக எடுக்கவேண்டும் என்றார். சாப்பிட்டுவிட்டு எழும்பிய பெண்கள் கைகழுவும் இடத்தில் குரலைத் தாழ்த்தாமலே கதைத்தார்கள்.

"கூடப்பிறந்தவனுக்குக் கதவடைச்ச கை. அந்தக் கையால சோறும் போடுறாள்."

"படிச்ச பிள்ளையெல்லோ. தலைவருக்குப் பயந்திட்டாள்."

ஜெனீற்றாவுக்குப் பேசி வைத்திருந்த கரம்பன் ஊர்ச் சம்பந்தம் ஒரு சொல்லும் அனுப்பாமல் நின்றுபோனது.

தாய் அவளை ஒன்றும் கேட்கவில்லை. ஒரு நாள் மட்டும், "அவன்ர நம்பரை அந்தப் பெட்டியில திரும்பப் போடு," என்றாள்.

"அம்மா, இனி ஏன்..."

"நான் அவன்ர சவத்தைக் கண்டனானே? அடிச்சானெண்டா? அண்டைக்கு மாதிரி அடிச்சு அடிச்சுப் பாத்திட்டு விட்டானெண்டா?"

முதலாம் இடத்தில் இலக்கத்தைப் போட்டாள். ஓ.கே. என்றது. சில்வெஸ்ரர் அதைத் திரையில் கண்டபோது, "செத்தவனுக்கு இடம் குடுக்கிற சங்கம் எங்கட சங்கந்தான்," என்று சொல்லிவிட்டுப் போனார். அழிக்கச் சொல்லவில்லை. அதை அவருடைய இரக்கம் என்று ஊர் பேசிக்கொண்டது.

ஞாயிறுகளில் சோதனைச் செய்தி போனபின் ஜெனீற்றா கணினிக்கு முன்னால் இருப்பாள். ஒன்பது பதில்கள் வரும். பத்தாவது வராது. அது வராது என்று தெரிந்தும் ஆறிப்போன தேத்தண்ணியோடு இருந்துவிட்டுத்தான் கதவைப் பூட்டுவாள். ஒரு வருடத்துக்கு மேல் இப்படிப் போனது. அடுத்த கல்லறைத் திருநாளில் தாயும் மகளும் பெரிய குருசடியில் இரண்டு மெழுகுதிரி வைத்தார்கள். அன்று காற்றில்லை. இரண்டும் கடைசிவரை எரிந்தன.

இரண்டாயிரத்து ஆறு மாசியில் ஒரு ஞாயிறு, பத்துப் பதில்கள் வந்தன.

அவள் எழுந்து கதவைச் சாத்தினாள். திரும்ப வந்து எண்ணினாள். முதலாம் இடத்து இலக்கத்துக்குச் செய்தி போய்ச் சேர்ந்தது என்று இருந்தது. நெடுநாள் பாவிக்காத சிம்மைக் கொம்பனி வெட்டிவிடும், பிறகு அதே இலக்கத்தை வேறு யாருக்காவது விற்கும் என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். அது அவளுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்திருந்தும், இந்தியக் கரையில் ஒதுங்கியிருந்தால், யாரோ மறியலில் போட்டிருந்தால், இப்போதுதான் விட்டிருந்தால் என்று ஓடியது மனம். தாயிடம் சொல்லவில்லை. அன்றே அந்த இலக்கத்தை அழித்திருக்கவேண்டும். அவளால் ஏலவில்லை.

மறுநாள் காலை சைரன் ஊதியது.

வானம் கழுவித் துடைத்தமாதிரி இருந்தது. ஆனாலும் ஊர் கரைக்கு ஓடியது. ஜெனீற்றா கணினித் திரையைப் பார்த்தாள். அடித்தது முதலாம் இடம். அவள் வாயைத் திறக்குமுன், கதவடியில் நின்ற பிலிப்பு அவள் தோளுக்கு மேலால் அதைக் கண்டுவிட்டான். அவன் வாயிலிருந்து அது கரைக்குப் போக ஒரு மூச்சு நேரந்தான் எடுத்தது.

செபஸ்தியம்மா கடலுக்குள் இறங்கிவிட்டாள். இடுப்பளவு தண்ணீரில் நின்று, நெற்றியில் கையை வைத்து, தூரத்தில் தெரிந்த ஒவ்வொரு பாயையும் பார்த்து, "தம்பி! இஞ்சால! இஞ்சாலயடா!" என்று கூப்பிட்டாள். இரண்டு பெண்கள் அவள் கைகளைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அவர்களும் பார்த்தார்கள்.

ஜெனீற்றா வீட்டுப் போனை ஓடிப்போய் எடுத்துவந்து, கரையில் நின்று அந்த இலக்கத்துக்கு அடித்தாள். ஓர் ஆணின் குரல் எடுத்தது, சிங்களத்தில். அவளுக்கு இரண்டு வார்த்தைக்கு மேல் தெரியாது. இடப்பெயர்வுக் காலத்தில் சிலாபத்துக் கரையில் தொழில் செய்த பிலிப்புதான் ஊரில் சிங்களம் பேசுகிறவன். போனை அவனிடம் நீட்டவேண்டி வந்தது.

அவன் பேசினான், கேட்டான், தலையாட்டினான். பிறகு யாரையும் பாராமல் சொன்னான்.

"ஆரோ தச்சுத் தொழில் செய்யிற ஆளாம். தெற்கில. போன கிழமைதான் சிம் வாங்கினவராம். நேற்று இங்கிலீசில ஏதோ மெசேச் வந்ததாம், ஆர் எண்டு கேக்க அடிச்சாராம்." போனைத் திருப்பி நீட்டிக்கொண்டு, "இனி அனுப்பவேண்டாமாம்," என்றான்.

தாய் தண்ணீர் சொட்டச் சொட்ட ஏறி வந்து போனைப் பறித்தாள்.

"தம்பி, சாப்பிட்டியே?"

அந்தப் பக்கம் ஹலோ, ஹலோ என்றது. பிறகு வெட்டியது.

யாரும் சிரிக்கவில்லை. ஆனால் சில்வெஸ்ரர் இருந்தார். "பிள்ளை, உந்த ஆள் ஒவ்வொரு தரமும் அடிக்கிறதுக்கு ஊர் ஓட ஏலாது. அழியும்," என்றார். இந்த முறை அவர் சொன்னது சரி. அதுதான் ஜெனீற்றாவுக்குத் தாங்க முடியாமல் இருந்தது.

சங்கத்துக்குள் கணினிக்கு முன்னால் அவள் இருந்தாள். பின்னால் ஈரச் சேலையோடு தாய் நின்றாள்.

"முதல் தரமும் நீதான் அழிச்சனி," என்றாள் செபஸ்தியம்மா. "இண்டைக்கும் நீயே அழி. உனக்குப் பழக்கந்தானே."

ஜெனீற்றா அதே வரியைத் தட்டினாள். விரல்களுக்கு அது நினைவிருந்தது. ஓ.கே. என்று வந்தது. இந்த முறை என்ன சொல்லுது என்று யாரும் கேட்கவில்லை.

அன்று பொழுதுபடும் நேரம் அவள் வீட்டுக்கு வந்தபோது தாய் யன்னல் கட்டையடியில் நின்றாள். கையில் போன். மகனின் பெயர் நிற்கும் வடிவம் அவளுக்குத் தெரியும். எந்தப் பொத்தானை அமத்தினால் மணி போகும் என்பதையும் அவன்தான் பழக்கியிருந்தான். அமத்தினாள். காதில் வைத்து, ஒரு மணி கேட்டதும் வெட்டினாள். போனைக் கட்டையில் வைத்துவிட்டுப் பக்கத்தில் நின்றாள்.

"அம்மா, அது தம்பி இல்லை. காலமை நீங்களே கேட்டனீங்கள்."

"எனக்குத் தெரியும்."

"பிறகேன்..."

"சத்தம் போடாத. அடிக்கிறது கேக்காது."

எங்கோ தெற்கில், ஒரு தச்சன் உளியை வைத்துவிட்டுப் போனை எடுத்துப் பார்த்திருக்கவேண்டும். காலையில் பேசிய அந்தப் பாஷை தெரியாத மனிசியாக்கும் என்று நினைத்தானோ, வேறு யாரோ என்று நினைத்தானோ. காசு போகாத அந்த வழக்கம் அங்கேயும் உண்டு. யன்னல் கட்டையில் போன் ஒருதரம் கத்தியது. வெட்டியது. திரையில் கிளின்ரனின் பெயர் நின்றது.

செபஸ்தியம்மா குசினிக்குப் போய் அரிசியை அளந்தாள். மூன்று பேருக்கு அளந்தாள். பானையை ஏற்றி, குனிந்து, அடுப்பில் நெருப்பு வைத்தாள். காலையில் ஈரச் சேலையோடு அணைத்துக் கொண்டுவந்து போட்ட விறகு பற்றவில்லை. புகைந்தது. அவள் ஊதினாள், இருமினாள், திரும்ப ஊதினாள்.

ஜெனீற்றா வாசற்படியில் நின்றாள். பெட்டியில் ஒரு வரியால் ஓர் இலக்கத்தை அழிக்க அவளுக்குத் தெரியும். யன்னல் கட்டையில் இருந்த போனிலும் அதே வேலைதான், இரண்டு பொத்தான். கை எட்டும் தூரத்தில்தான் கிடந்தது.

அவள் உள்ளே வந்து, தாயை ஒருபக்கம் ஒதுக்கிவிட்டு, அடுப்படியில் குந்தி ஊதத் தொடங்கினாள்.